உரிப்பொருள் தேடும் கருப்பொருள்: அந்தமானின் அரசு மலரும் மலர்ப்பெயர் மரபும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் ஆட்சி நிர்வாகம் தன் நிலப்பகுதிக்கெனச் சில அடையாளங்களை வகுத்துக்கொண்டுள்ளது. விலங்கு கடற்பசு, பறவை அந்தமான் காட்டுப்புறா, மரம் அந்தமான் படாக், மலர் அந்தமான் பியின்மா. இப்பட்டியலைக் காணும் தமிழ் மாணவர் எவருக்கும் தொல்காப்பியத்தின் கருப்பொருள் வைப்புமுறை நினைவுக்கு வருதல் இயல்பு. மாவும் மரமும் புள்ளும் அங்கும் உண்டு. தொல்காப்பியர் பூவைத் தனியே எண்ணவில்லை. நாற்கவிராச நம்பி பதினான்கு கருப்பொருள்களுள் ஒன்றாக அதனையும் சேர்க்கிறார். இக்கால அரசுகளும் மரத்தை ஒரு தலைப்பிலும் மலரை வேறொரு தலைப்பிலும் வைக்கின்றன. நம்பியின் பட்டியலோடு இவ்வகையில் அவை நெருங்குவது தற்செயலே.

ஒற்றுமை இவ்வளவில் நின்றுவிடுகிறது. அகப்பாடலில் கருப்பொருள் தனித்து நிற்பதில்லை. உரிப்பொருளைத் தாங்கியே அது பொருள் பெறுகிறது. வேங்கை பூத்தது என்றால் ஒரு பெண்ணின் மணம் நெருங்கிவிட்டது என்பது கேட்போர்க்குப் புலப்படும். அரசு அடையாளமாக அறிவிக்கப்பட்ட மலருக்கு இத்தகைய உரிப்பொருள் உண்டா? உண்டெனில் அது யாருடையது? அந்தமானின் மலரையும் மரத்தையும் முன்வைத்து இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒப்பீட்டுக்கு, வங்கக் கடலுக்கும் அப்பாலுள்ள பிலிப்பைன்சு நாட்டின் தேசிய மலர் முதலில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வந்தேறிய மலர், வேரூன்றிய கதை

பிலிப்பைன்சின் தேசிய மலர் சம்பாகீத்தா. அமெரிக்க ஆட்சிக்காலத்தில், 1934ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், ஆளுநர் பிராங்க் மர்பி வெளியிட்ட 652ஆம் எண் அறிவிப்பு அதனைத் தேசிய மலராக்கியது. பெயர் அயலாக ஒலித்தாலும் பூ நமக்கு அயலானதன்று. தமிழ்நாட்டில் குண்டுமல்லி என வழங்குவதும் 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இதே இனத்தைச் சேர்ந்தவை. பிலிப்பைன்சு தீவுகளில் அது இயற்கையாகத் தோன்றிய செடியன்று. ஆசியாவின் பிற நிலங்களிலிருந்து கடல்வழியாகச் சென்று அங்கே குடியேறியது.

வந்தேறிய ஒரு செடி தேசிய மலராக ஏற்கப்பட்டமைக்கு அதன் பயன்பாடும் கதையுமே காரணங்கள். மாலையாகக் கட்டப்பட்டுத் தேவாலயத் திருவுருவங்களுக்குச் சூட்டப்படுகிறது. விருந்தினர் கழுத்தில் விழுகிறது. மணிலாவின் சாலைச் சந்திப்புகளில் சிறுவர்கள் கையில் ஏந்தி விற்கிறார்கள். கதையோ பல வடிவங்களில் வழங்குகிறது. பரவலாக அறியப்பட்ட வடிவத்தில், எல்லை வேலி ஒன்றினால் பகைத்த இரு குடித்தலைவர்களின் மகளும் மகனும் காதலிக்கின்றனர். இருவரும் இறந்தபின் அவர்களின் புதைகுழிகளில் வெண்பூச்செடி முளைக்கிறது. நிலவொளியில் ‘சும்பா கிதா’ என்னும் மெல்லிய குரல் கேட்கிறது. ‘உனக்கு உறுதி கூறுகிறேன்’ என்பது அத்தொடரின் பொருள். அத்தொடரே திரிந்து பூவின் பெயராயிற்று என்பது மக்கள் வழக்கு. மொழியியலார் சண்பகத்தோடு தொடர்புடைய சொல்லாக இதனைக் காண்பர். சொல்லாராய்ச்சிக்கு மக்கள் விளக்கம் உதவாமல் போகலாம். உரிப்பொருளாராய்ச்சிக்கு அதுவே முதற்சான்று. ஒரு மக்கட்கூட்டம் அம்மலரின் பெயருக்குள் ஓர் உறுதிமொழியைக் கேட்க விரும்பியது என்பதை அது காட்டுகிறது. 1934இன் அறிவிப்பு ஏற்கெனவே மக்களிடம் வாழ்ந்த ஒன்றை ஏட்டில் பதிந்தது, அவ்வளவே.

செங்காந்தளின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. அது தமிழ்நாட்டின் அரசு மலரானபோது இலக்கிய நினைவு ஒன்று துணைநின்றது. ஈழத்தில் அதே மலர் கார்த்திகைப்பூ எனப் பெயர் பெற்று, போரில் இறந்தோரை நினைவுகூரும் நாள்களோடு இணைந்தபோது, சங்கப் பாடல்கள் அறியாத ஓர் இரங்கல் பொருள் அதன்மேல் ஏறியது. கருப்பொருள் ஒன்றே, உரிப்பொருள் மாறியது.

பியின்மாவும் மருதமும்

அந்தமான் பியின்மாவின் நிலை இவற்றுக்கு நேர்மாறானது. தாவரவியலார் லாகர்ஸ்ட்ரோமியா ஹைப்போலியூகா என வழங்கும் இம்மரம் அந்தமானுக்கே உரியது. அது அரசு மலராகத் தகுதி பெற்றது அந்த உரிமையால்தான் எனக் கருத இடமுண்டு. பெயரின் பிற்பாதிக்கு ‘அடிப்புறம் வெளுத்தது’ என்பது பொருள்; இலையின் கீழ்ப்பக்கத்தைக் கண்டு இட்ட பெயர். இளஊதாப் பூங்கொத்துகளை அப்பெயர் பொருட்படுத்தவில்லை. ‘பியின்மா’ என்பதோ பர்மியச் சொல். 1883இல் அந்தமானில் வனத்துறை தோன்றியது. அதே ஆண்டில் சாத்தம் தீவில் மரமறுக்கும் ஆலையும் எழுந்தது. பர்மாக் காடுகளில் பழகிய மரத்தொழிலின் சொற்களே இங்கும் வழங்கலாயின. 1925இல் காட்டுவேலைக்கென்று பர்மாவிலிருந்து அழைத்துவரப்பட்டு மாயாபந்தருக்கு அருகில் வேபி முதலிய ஊர்களில் குடியமர்ந்த கரேன் மக்களும் இத்தொழில் வரலாற்றில் இடம்பெறுகின்றனர். ஆக, தீவுகளின் அரசு மலர் தாங்கி நிற்கும் பெயர், மரமறுக்கும் பட்டறையின் வழியாக வந்த பெயர். மரத்தின் கனஅடி அளவைக் குறிக்கப் பயன்பட்ட சொல்லே பூவையும் குறிக்க நேர்ந்தது.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பியின்மாவின் நெருங்கிய உறவு மரம் தமிழில் பூமருது, கதலி என்றெல்லாம் வழங்குவது. திணைக்குப் பெயர் தந்த மருதம் எம்மரம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீர்மருது என்பர் ஒரு சாரார். பூமருது என்பர் மற்றொரு சாரார். குறுந்தொகை 50ஆம் பாடல், ஞாழலின் சிறுபூவோடு மருதின் செம்மையான வாடற்பூ பரந்து துறையை அழகுசெய்வதைக் காட்டுகிறது. நீர்மருதின் பூ வெளிறியது. செந்நிறம் சார்ந்த பூ பூமருதுக்கே பொருந்தும் என்னும் வாதம் வலுவுடையது. அதனை ஏற்றால், அந்தமானின் அரசு மலர் மருதத் திணையின் பெயர்மலருக்கு ஒன்றுவிட்ட உறவாகிறது. ஆயினும் மருதத்தின் ஊடல் இத்தீவின் மலருக்கு உரிப்பொருளாகிவிடாது. துறையும் வயலும் பரத்தையிற் பிரிவும் சேர்ந்த ஒரு வாழ்க்கைமுறையில் அது பிறந்தது. தாவர உறவால் மட்டும் அது கடல் கடந்து செல்லாது.

புலி இல்லாத தீவில் வேங்கை

அரசு மரமாகிய படாக்கின் நிலை இன்னும் செறிவானது. அது வேங்கையின் இனம். தாவரவியலார் இரண்டையும் டெரோகார்ப்பஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைப்பர். பிலிப்பைன்சின் தேசிய மரமான நர்ரா இதே பேரினத்தது. சம்பாகீத்தாவைத் தேசிய மலராக்கிய அதே 1934ஆம் ஆண்டு அறிவிப்பே நர்ராவையும் தேசிய மரமாக்கியது என்பது இங்குச் சுட்டத்தக்கது. பர்மாவில் படாக் எனப்படும் மரமும் இவ்வினமே. ஏப்ரலில் புத்தாண்டு நீர்விழாவை ஒட்டி முதல் மழை விழுந்ததும் அது பொன்னிறமாகப் பூக்கிறது. பெண்கள் தலையில் சூடுகின்றனர். பூ ஒருநாளில் வாடிவிடும். வேங்கையில் தொடங்கி நர்ரா வரையில் இப்பேரினத்தின் மஞ்சள் பூ ஒரு நீண்ட பண்பாட்டு வளைவில் மலர்கிறது. அவ்வளைவின் நடுவே அந்தமான் இருக்கிறது. அங்கே மட்டும் அம்மரம் பெரும்பாலும் செந்நிற வைரத்துக்காகவும் பலகைக்காகவும் அறியப்பட்டது.

சங்கப் பாடல்களில் வேங்கை பெற்ற இடத்தை மூன்று நிலைகளில் காணலாம். அது காட்சி மயக்கம் தருவது. குறுந்தொகை 47இல் வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்கும் பாறை புலிக்குட்டிபோல் தோன்றுகிறது; இரவில் வரும் தலைவனுக்கு அம்மயக்கம் இடராகும் என்பது தோழியின் கவலை. அடுத்து, அது ஒலியோடு இணைந்தது. வேங்கைப்பூப் பறிக்கும் மகளிர் ‘புலி புலி’ எனக் கூவுவர். அகநானூறு 52இல் அக்கூச்சலை உண்மையென நம்பிய ஊரார், ஆவைப் புலி கொண்டதென்று வில்லோடு விரைகின்றனர். அகநானூறு 48இல் அதே கூச்சல் கேட்டு அம்போடு வந்தவன் தலைவன். புலி எவ்வழிச் சென்றது என அவன் கேட்க, பெண்கள் ஒருவர் பின் ஒருவர் மறைந்து நிற்கின்றனர். உங்கள் வாயிலும் பொய் வருமோ என்று நகைக்கிறான். ஒரு பூவுக்காக எழுப்பிய பொய்க்குரலிலிருந்து ஒரு காதல் பிறக்கிறது. மலைபடுகடாமும் பூத்த வேங்கையையும் மலைமகளிரின் ஆரவாரத்தையும் சேர்த்தே கூறுகிறது. மூன்றாவதாக, அது காலம் காட்டுவது. வேங்கையைக் கணி எனவே அகமரபு கொள்ளும். கபிலரின் அகநானூறு 2ஆம் பாடலில், வேங்கை மலர்ந்ததும் திங்கள் நிறைந்ததும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. அவற்றைக் கேட்கும் தலைவன் மணத்துக்கு நாள் வந்துவிட்டது என உணர வேண்டும்.

இம்மூன்றோடும் தெய்வத்தன்மையும் சேர்கிறது. சிலப்பதிகாரக் குன்றக்குரவையில் ஒரு முலையிழந்த கண்ணகியைக் குறவர் காண்பது வேங்கை நிழலில். கந்தபுராணத்தில் வள்ளியின் உறவினர் வரக்கண்ட முருகன் வேங்கை மரமாகி நிற்கிறான். போர்ட் பிளேரில், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் நகரில், வெற்றிமலை முருகன் கோயிலுக்குச் செல்லும் தமிழர் வணங்குவதும் அம்முருகனையே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவு மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சிலவும் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. தீவுத் தமிழர்க்கு வேங்கைக் கதை ஓர் ஏட்டுச் செய்தியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. அதன் இனமரம் அவர்கள் வாழும் நாட்டின் காட்டிலேயே நிற்கிறது.

எனினும் வேங்கையின் உரிப்பொருளை அப்படியே படாக்குக்கு மாற்றிவிட முடியாது. அந்தமானில் புலி இல்லை. புலி இல்லாத நிலத்தில் பூவைப் புலியென மயங்குவதற்கும் ‘புலி புலி’ எனக் கூவுவதற்கும் இடமில்லை. வேங்கை என்னும் ஒரு சொல் மரத்தையும் விலங்கையும் குறிப்பதால் பிறந்த இருபொருள் விளையாட்டு முழுவதும் இங்கே செயலிழக்கிறது. யானையின் நிலையும் வேறு. கபிலர் பாடிய குறுந்தொகை 208இல், போரிடும் களிறு மிதித்ததால் அடி நெரிந்த வேங்கை, சாய்ந்த நிலையிலும் பூக்கிறது. குறமகளிர் மரமேறாமல் நின்றபடியே கொய்து கூந்தலில் சூடுகின்றனர். அந்தமானுக்கு யானைகள் மனிதரால் கொண்டுவரப்பட்டவை. வெட்டிய மரத்தை இழுப்பது அவற்றின் வேலை. இன்டர்வியூ தீவில் மரத்தொழில் நின்றபின் 1962இல் கைவிடப்பட்ட யானைகள் காட்டு யானைகளாக மாறின. கபிலரின் யானை மிதித்த மரம் பூத்தது. இத்தீவின் யானை இழுத்த மரம் ஆலைக்குச் சென்றது. 2002இல் உச்சநீதிமன்றம் சேகர் சிங் குழுவின் பரிந்துரைகளை ஏற்று இயற்கைக் காட்டு மரங்களை வெட்டுவதற்குக் கடுங்கட்டுப்பாடு விதிக்கும் வரையில், படாக்கைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் வெட்டப்பட்ட மரத்தைப் பற்றிய எழுத்தே. நின்று கொய்வதற்கான பூ அவ்வெழுத்தில் அரிதாகவே காணப்படுகிறது.

மலர்ப்பெயர்

அரிது எனினும் ஓரிடத்தில் அது காணப்படுகிறது; இவ்வாய்வுக்கு அதுவே முதன்மையான சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தமானில் பணியாற்றிய இ. எச். மேன், தெற்கு அந்தமானின் ஆக்கா-பேயா மக்களைப் பற்றி 1883 அளவில் எழுதியவற்றுள் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். பெண் பருவமெய்தும்போது காட்டில் எம்மரம் பூத்திருக்கிறதோ அம்மரத்தின் பூவை ஒட்டி அவளுக்கு ஒரு பெயர் இடப்படும். ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும் குறித்த சில மரங்கள் இதற்கென வழக்கில் இருந்தன. அவற்றுள் படாக்கும் ஒன்று. அம்மக்களின் மொழியில் அதன் பெயர் சாலங்கா. பிறந்தபோது பெற்ற பெயரோடு மலர்ப்பெயர் சேர்த்து அழைக்கப்படும். அவள் மணமாகித் தாயாகும்வரை அது நீடிக்கும். 1906 முதல் 1908 வரை களப்பணி செய்து, 1922இல் நூலாக வெளியிட்ட ராட்கிளிஃப்-பிரௌனும் இவ்வழக்கத்தை விரித்துரைத்து, பருவமெய்தியதற்கும் தாய்மைக்கும் இடைப்பட்ட காலத்தில் பெண் பூத்த செடியாகக் கருதப்படுகிறாள் என விளக்கினார்.

அயல்நாட்டு வாசகர்க்கு மானிடவியலார் விரிவாக விளக்க வேண்டியிருந்த இவ்வுவமை, தமிழர்க்கு ஒரு சொல்லிலேயே விளங்கிவிடும். பூப்பு என்பது அச்சொல். பூப்பெய்தினாள் என்று நாள்தோறும் வழங்கும் மொழிக்கு, பெண்ணின் பருவத்தையும் மரத்தின் பருவத்தையும் ஒன்றெனக் காண்பது புதிதன்று. ஆயினும் இரண்டும் முற்றும் ஒன்றல்ல என்பதையும் நோக்க வேண்டும். தமிழில் பூப்பு எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஒரு சொல். எந்தப் பூ என்று அது கேட்பதில்லை. அந்தமானிலோ கேள்வியே அதுதான். மழைக்காலத்தில் பருவமெய்தியவளும் வேனிலில் பருவமெய்தியவளும் வெவ்வேறு பெயர் பெறுவர். அவளை ஒருமுறை அழைத்தால், அவள் எப்பருவத்தில் பூத்தாள் என்பதும் அப்போது காடு எந்நிலையில் இருந்தது என்பதும் சேர்ந்தே சொல்லப்பட்டுவிடும். சங்க மரபில் பூத்த வேங்கை தலைவியைப் பற்றிப் பிறர்க்குச் செய்தி சொல்கிறது. பிலிப்பைன்சுக் கதையில் காதலர் தம் உறுதிமொழியைப் பூவுக்குப் பெயராக விட்டுச்செல்கின்றனர். அந்தமானில் பூ தன் பெயரைப் பெண்ணுக்குத் தந்து, அவள் தாயானதும் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. பெயர் செல்லும் திசை மூன்றிலும் வேறு.

ஆகவே, அந்தமானின் மரத்துக்கும் மலருக்கும் உரிப்பொருள் இல்லை என்று முடிவு செய்வது பிழை. உரிப்பொருள் இருந்தது; அது அரசு ஏட்டுக்கு எட்டவில்லை. படாக், பியின்மா என்னும் பர்மியப் பெயர்களை ஏடு ஏற்றது, சாலங்காவை ஏற்கவில்லை. மலர்ப்பெயர் வழங்கிய ஆக்கா-பேயா மக்கள் ஒரு தனிச் சமூகமாக இன்று இல்லை. பெரிய அந்தமானியக் குழுக்களின் எஞ்சிய சந்ததியினர் சில பத்துப் பேர். அவர்கள் பெரிதும் இந்தி பேசுகின்றனர். போ மொழியின் இறுதிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். அவரிடமும் பிறரிடமும் அன்விதா அப்பி திரட்டிய சொற்களால்தான் பெரிய அந்தமானிய மொழிக்கு ஒரு பல்லெழுத்து அகராதி கிடைத்தது.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. சாலங்கா என்னும் சொல் இன்று நமக்குக் கிடைப்பது, தண்டனைக் குடியிருப்பை நடத்திய ஆட்சியின் அலுவலர் ஒருவரின் குறிப்பிலிருந்து. மேன் கேட்ட சொல் ஆங்கில எழுத்துகளில் பதிவாகி, தாவரப் பெயரோடு சமன்செய்யப்பட்டது. எப்பெண்ணும் தன் மலர்ப்பெயரைப் பற்றித் தானே கூறியதாக அக்குறிப்பில் இல்லை. அப்பெயரை அவள் விரும்பினாளா, அதைத் துறந்தபோது என்ன நினைத்தாள் என்பவை அங்கே இல்லாத பகுதிகள். தலைவியும் தோழியும் செவிலியும் மாறிமாறிப் பேசும் அகப்பாடலின் பல்குரல் அமைப்போடு ஒப்பிட்டால் இவ்விழப்பின் அளவு தெரியும். ஆண்பாற் புலவர்கள் பெண்குரலில் பாடியிருக்கலாம் என்னும் எதிர்வாதம் உண்டு. ஆயினும் அங்கே கூற்று அவளுடையதாக வைக்கப்பட்டுள்ளது.

மற்றொன்றும் கவனத்துக்குரியது. படாக்கும் பியின்மாவும் அந்தமானுக்குரியவை. பத்துப் பாகைக் கால்வாய்க்குத் தெற்கே, நிக்கோபாரின் இயற்கைக் காடுகளில் இவை இல்லை. நிக்கோபார் மக்களின் உணவிலும் வாழ்விலும் இடம்பெறுவது தாழையினம். அதன் கனியை வேகவைத்து மாவாக்கி உண்பர். நெய்தற் பாடல்களின் மணமிக்க தாழைக்கு அங்கே உணா என்னும் கருப்பொருளாகவும் ஓர் இனம் உண்டு. இரு தீவுக் கூட்டங்களுக்கும் சேர்த்து ஒரு மலரை அறிவிக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

தீவுகளில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அங்கே வேங்கை வரும் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், பேராவூரணியிலோ பாளையங்கோட்டையிலோ இருப்பவரைக் காட்டிலும் நல்வாய்ப்புப் பெற்றவர். சாளரத்துக்கு வெளியே அதன் இனமரத்தைச் சுட்ட அவரால் முடியும். ‘இதுவே நம் வேங்கை’ என்று அவர் சொல்லிவிட்டால் பாடல் எளிதில் விளங்கும். ஆனால் பர்மியர் மரத்தொழிலின் வழியாக அம்மரத்துக்குத் தம் சொல்லை இட்டது போலவே தமிழரும் இலக்கியத்தின் வழியாகத் தம் சொல்லை இட்டவராவர். முதலில் சாலங்கா என்னும் பெயரைக் கரும்பலகையில் எழுதி, அது ஒரு காலத்தில் இத்தீவின் பெண்கள் சிலருக்குப் பெயர் தந்த பூ எனக் கூறிப் பின்னர்க் கபிலரிடம் செல்வாரானால், குறுந்தொகை 208இன் மிதிபட்டும் பூத்த வேங்கை அவ்வகுப்பில் வேறொரு பொருளில் படிக்கப்படும்.